வெண்மதி போனில் தெரியாத பட்டன்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

பள்ளித் தோழிகள் கூடுவதற்கான அழைப்புப் பக்கத்தை இன்று காலை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கடை கடையாக வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள், எங்கள் முப்பத்திரண்டு பேருக்காக ஆசை ஆசையாகச் செய்தது. மே 18, கடலூர். அடியில் பச்சையாக "வரேன்" என்று ஒரு பட்டன். அமுக்கினால் பெயர் பதிவாகிவிடும். மதியத்துக்குள் பதினாறு பேர்!

24 ஏப்ரல்

இருபத்தொன்று. வெண்மதி இல்லை. செய்தியைப் பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்திருக்கிறது. கோபம் தீரவில்லை போல. எப்படித் தீரும்? அவள் கல்யாணத்தன்று நான் சென்னையில் ஓர் இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தேன். வரமுடியாது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஆயிற்று, பேச்சே இல்லை. ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

27 ஏப்ரல், ஞாயிறு

இங்கே அண்ணாமலை நகரில் அடுத்த தெருவில்தான் சிந்துஜா இருக்கிறாள். அவளும் எங்கள் வகுப்பு. வந்ததும் வராததுமாக, "செல்வி, வெண்மதி செம காண்டுல இருக்கா. 'கூப்புடுற மாதிரி கூப்புட்டுட்டு, வரேன்னு சொல்ல எடமே வைக்கல பாரு'ன்றா" என்றாள்.

"அதான் பட்டன் இருக்குதே!"

"எங்கடி இருக்குது? நானும் நேர்லயே சொல்லிட்டமேன்னு தேடாம வுட்டுட்டேன்." தன் ஐபோனை நீட்டினாள்.

இல்லை! என் ஆண்ட்ராய்டில் ஜம்மென்று தெரிகிற பட்டன், அவள் ஐபோனின் சஃபாரி பிரவுசரில் முகவரிப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகிடக்கிறது. மேலே தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. திரையின் முழு உயரத்தையும் எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன்; சஃபாரி அந்தப் பட்டையையும் சேர்த்து அளந்துவிட்டது. வெண்மதியுடையதும் ஐபோன்தானாம்.

அவளுக்குக் கோபம்னு நான் நெனைக்க, எனக்குக் கோபம்னு அவ நெனைக்க — எட்டு வருஷமா இதே வேல, ஒரு ஐபோன்ல போட்டுப் பாக்கணும்னு தோணலியே எனக்கு?

28 ஏப்ரல்

உயரத்துக்கு வேறு அளவு கொடுத்தேன். சிந்துஜா போனில் பட்டன் வந்துவிட்டது! தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் கத்தினோம். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு ஐபோன்காரிகள்.

29 ஏப்ரல்

வெண்மதிக்கு இன்னும் தெரியவில்லையாம். அவளுடையது பழைய ஐபோன். இந்தப் புது அளவு அதற்குப் புரியாது. சிந்துஜாவையே எத்தனை நாள் தூது விடுவது? போறேன். நாளைக்கே போறேன்.

30 ஏப்ரல், புதன்

லேப்டாப்போடு கடலூர் பஸ். தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் அவள் வீடு. கதவை அவளே திறந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது மறந்துபோய், "உன் போனைக் குடுடி" என்றேன்.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து கேக்குறதப் பாரு!" — ஆனால் கொடுத்தாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தே வேலை பார்த்தேன். உயரமும் வேண்டாம், அளவும் வேண்டாம் என்று பட்டனை அடியிலிருந்து தூக்கி அழைப்பு வரிக்கு நேர்கீழே வைத்தேன். எந்த போனிலும் அங்கே தெரிந்துதான் ஆகவேண்டும். தெரிந்தது. அவள் அமுக்கவில்லை.

"அன்னிக்கி ஏன்டி வரல?"

சொன்னேன். இன்டர்வியூ, அந்த வேலையும் கிடைக்காமல் போனது, வெட்கத்தில் பேசாமலே இருந்துவிட்டது, எல்லாம்.

"சொல்லியிருந்தா மாலையோட வந்து நானே பஸ் ஏத்தி வுட்டிருப்பேன். லூசு." மூக்கை உறிஞ்சிக்கொண்டே அமுக்கினாள்.

18 மே

முப்பது பேர்! எழுத நேரமில்லை.

19 மே, திங்கள்

வெண்மதி வீட்டில் இருக்கிறேன். நேற்று கடைசி பஸ்ஸை வேண்டுமென்றேதான் விட்டேன். சமையலறையிலிருந்து குரல்: "எழுதுனது போதும், வாடி. எறாத் தொக்கு ஆறுது!"