சந்தாபுரம் போர்டில் மதலைமுத்து

செப்டம்பர் 9, 2025

காலையில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஐடி கார்டு போட்டோக்கள் எடுத்தேன். எல்லோரும் ஒரே மாதிரி கைகட்டிக்கொண்டு நின்றார்கள். மதியம் தொம்மலூரில் என் ஸ்டுடியோவுக்கு ஏசி மெக்கானிக் வரவில்லை. வெப்சைட்டைப் புதுப்பிக்க வேண்டும். முகப்பில் மதலைமுத்து – டோரீன் கல்யாணப் படமே ஆறு வருஷமாக இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. என் படங்களிலேயே நல்ல படம் அது.

செப்டம்பர் 12

டோரீன் போன் செய்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மதலைமுத்து விபத்தில் இறந்தபோது பேசியது. அதற்கப்புறம் இன்றுதான்.

"அக்கா, முத்து படத்த யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"சந்தாபுரத்துகிட்ட பெரிய போர்டுல இருக்கார். அபார்ட்மென்ட் விளம்பரம்."

அவள் அழவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் 13

போய்ப் பார்த்தேன். என் படமேதான். டோரீனை வெட்டிவிட்டார்கள். மதலைமுத்து மட்டும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். அவர் தோளில் அவள் விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, யாருடையவை என்று தெரியாமல். கீழே கன்னடத்தில் 'ஆயுஷ்ய பூர்த்தி இல்லே'. ஆயுள் முழுக்க இங்கேயே என்று அர்த்தம். மனசுக்குள் தமிழாகவே, ஆயுள் பூர்த்தியாகவில்லை என்று படித்துவிட்டேன்.

என் வெப்சைட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். என் பெயர் இருந்த ஓரத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். யாரைக் கேட்டு எடுத்தானுங்க? என் படம்!

செப்டம்பர் 16

விளம்பர ஏஜென்சியிலிருந்து ராகேஷ் என்று ஒருவர் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். மரியாதையான ஆள். டிசைனர் பையன் தெரியாமல் எடுத்துவிட்டானாம். "மேடம், நீங்க பர்மிஷன் குடுத்ததா ஒரு சைன் போட்டா போதும், போன மாச தேதியில. இனிமே எங்க ஷூட் எல்லாம் உங்களுக்குத்தான்." அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு நன்றாகப் பேசினார். வெளிச்சம், அந்த நொடி, அது இது என்று.

படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். "ஓ, சாரி மேடம்," என்றார். பேப்பரை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 18

வக்கீல் அனந்தபத்மநாபனைப் பார்த்தேன். நோட்டீஸ் விடலாமா என்று கேட்கப் போனேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கல்யாணத்துக்கு எடுக்கச் சொல்லிக் காசு குடுத்தது யாரு?"

"அவங்க ரெண்டு பேரும்தான்."

"உரிமை உங்களுக்குன்னு எழுதி வாங்கினீங்களா?"

"இல்ல. வாட்ஸப்ல பேசிக்கிட்டதுதான்."

"அப்போ காப்பிரைட் உங்களது இல்ல பிரபா. அந்தப் பொண்ணோடது. நோட்டீஸ் விடறதுன்னா அவங்கதான் விடணும். பர்மிஷன் குடுக்கறதுன்னாலும் அவங்கதான்."

பதினேழு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கே தெரியல. நின்னது நான், குனிஞ்சது நான், அந்தச் சிரிப்பு வர்ற வரைக்கும் காத்திருந்தது நான். என்னோடது இல்லையாம்.

வெப்சைட்டில் நான் போட்டதற்கும் அவளைக் கேட்டிருக்க வேண்டும் என்றார், கிளம்பும்போது.

செப்டம்பர் 19

முகப்புப் படத்தை எடுத்துவிட்டேன். ராகேஷின் பேப்பரைக் கிழித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

டோரீனை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ராகேஷ் கேட்டதையும்.

"அப்போ நான் சொன்னா இறக்கிடுவாங்களா?"

"இறக்கித்தான் ஆகணும். படம் உன்னோடது."

உடனே இறக்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. டீ ஆறிப்போனது.

அத்திபெலேயிலிருந்து சந்தாபுரம் வழியாக பஸ்ஸில் ஆபீசுக்கு வரும்போது மகள் ஜூலியாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாள், ஆபீஸ் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட. ஜூலியாவுக்கு நாலு வயசு. தினமும் போர்டைப் பார்த்து டாட்டா காட்டுகிறாளாம்.

"டாடி அந்த வீட்லதான் இருக்காங்கன்னு நெனச்சிட்டா, அக்கா. நாம எப்போ அங்க போறோம்னு கேக்குறா." ஆறின டீயை நகர்த்தி வைத்துவிட்டு, "நானும் ஜன்னல் பக்கமா பாத்து உக்கார ஆரம்பிச்சிட்டேன்," என்றாள்.

இதில் எனக்குச் சொல்ல உரிமை இல்லை.

செப்டம்பர் 26

டோரீன் மெசேஜ்: "இறக்கச் சொல்லிடலாம் அக்கா. நேத்து ஜூலி பையில துணி எடுத்து வச்சிருக்கா."

அக்டோபர் 8

வக்கீல் நோட்டீஸ் டோரீன் பெயரில் போனது. அவர்கள் வாதாடவே இல்லை. இழப்பீடு பேச வந்தார்கள். போர்டை இறக்கினால் போதும், இனி அந்தப் படம் எங்கேயும் வரக் கூடாது, எழுதிக் கொடுங்கள் என்றாளாம். கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 11

இன்று இறக்கினார்கள். டோரீன் என்னையும் வரச் சொன்னாள். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மேலே இரண்டு பேர் கயிற்றை அறுத்தார்கள். ஒரு பக்கம் மடிந்து விழுந்தது, மறுபக்கம் காற்றில் அடித்துக்கொண்டது.

"டாடி வீடு காலி பண்றாங்களா?" என்றாள் ஜூலியா.

"அது டாடி வீடு இல்ல, ஜூலி." டோரீன் அவளைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். "டாடி செத்துட்டாங்க. நீ குட்டியா இருக்கும்போதே. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க."

"அப்போ அது?"

"அது போட்டோ. இந்த ஆன்ட்டி எடுத்தது."

ஜூலியா என்னைப் பார்த்தாள். நான்தான் அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்பதுபோல. அப்புறம் அம்மா மடியில் முகத்தை வைத்து அழுதாள், ரொம்ப நேரம். டோரீன் தட்டிக்கொடுத்துக்கொண்டே போர்டின் வெறும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12

வேலை எதுவும் செய்யவில்லை.

டிசம்பர் 3

எல்கேஜி அட்மிஷனுக்கு போட்டோ எடுக்க டோரீன் ஜூலியாவைக் கூட்டி வந்தாள். ஸ்கூல் இன்டர்வியூ முடிந்துவிட்டதாம். அங்கே மிஸ், அப்பா என்ன செய்கிறார் என்று ஜூலியாவிடமே கேட்டுவிட்டார்களாம்.

"நான் குறுக்க பேச வாயெடுத்தேன் அக்கா. இவ யோசிக்கவே இல்ல. 'டாடி செத்துட்டாங்க மிஸ். நல்லா சிரிப்பாங்க'ன்னு சொல்லிட்டா."

டோரீன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜூலியா அதற்குள் ஸ்டூலில் தானாக ஏறி உட்கார்ந்து, எடுங்கள் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.