குளத்துத் தண்ணீரும் ஐம்பத்து மூன்று நிமிடமும்

ஜூன் 14, சனி

பல்கலைக்கழகக் கூரையில் திருத்த வேலை. அங்கே வைக்கும் சோதனைக் குழாய்களை வீட்டிலேயே வெயிலில் வைக்கலாம் என்று என் பேராசிரியர் கிளறிற்றா சொல்லிவிட்டார். பின்வளவில், அம்மாவின் மோர்மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாதியில் சுத்தத் தண்ணீர், பாதியில் லண்டன் இல்ஃபோர்ட் பூங்காக் குளத்துத் தண்ணீர். எல்லாவற்றிலும் ஒரே வலி மருந்து, ஒரே அளவு.

அப்பா எட்டிப் பார்த்தார். “தண்ணியைக் காயவைக்கவோ டிகிரி எடுத்தனி?”

எங்கள் வீட்டின் முதல் டிகிரி.

ஜூன் 17

சுத்தத் தண்ணீரில் மருந்து ஏறக்குறைய அப்படியே. குளத்துத் தண்ணீரில் பாதிக்கும் கீழே. இலை அழுகிய அந்தத் தேநீர் நிறம்தான் வெயிலை வாங்கி மருந்தை உடைக்கிறது. அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப்போன நிறம்! யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், எத்தனை காலமாகச் செய்கிறது இந்த வேலையை?

ஆனால் சனி பின்னேரம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் எடுத்த குழாய்களில் மருந்து கூடுதலாக மிச்சம். வரைபடக் கோட்டில் வந்து சேரவில்லை. நாளை மறுநாள் கூட்டம். ஆய்வுப் படிப்புக்கு இடம் தருவதா என்று அதில்தான் பேசுவார்கள். அந்த இரண்டையும் விட்டுவிட்டால் — யாருக்குத் தெரியும்?

ஜூன் 18

அம்மாவைக் கேட்டேன், சனிக்கிழமை நான் வேலை ஷிப்ட்டுக்குப் போன நேரம் என்ன நடந்தது என்று.

“மழை தூறினது. மிளகாயோட அதுகளையும் உள்ளுக்கு எடுத்தனான். அப்பதான் போன் வந்தது.”

“எப்ப திரும்ப வைச்சனீங்கள்?”

“பாரிஸ் சின்னம்மாவோட கதைச்சு முடிய.”

மழை பத்து நிமிடம். கதை? போனை வாங்கிப் பார்த்தேன்: 1.12 முதல் 2.05 வரை. ஏனம்மா சொல்லேல்லை எண்டு கத்திப்போட்டன். “நீ கேக்கேல்லையே” என்றா. அதுவும் சரிதான்.

வெயில் நேரத்தில் ஐம்பத்து மூன்று நிமிடத்தைக் கழித்தேன். இரண்டு புள்ளிகளும் கோட்டில் வந்து உட்கார்ந்தன. சமையலறைத் தரையில் கிடந்த நேரம் வரைக்கும் அந்தத் தண்ணீர் கணக்கு வைத்திருக்கிறது.

ஜூன் 19

சொன்னேன். மிளகாய், சின்னம்மா, எல்லாம். ஆய்வுகூடப் பொறுப்பாளர் பியற்றிஸ், “எங்கட அம்மா எண்டால் ரெண்டு மணித்தியாலம்” என்றார். கிளறிற்றா சிரிக்கவில்லை, திரும்ப ஒருமுறை செய், அதுவும் இப்படியே வந்தால் இடம் உனக்கு என்றார்.

ஜூலை 5, சனி

இரண்டாம் தடவை. ஷிப்ட்டில் இருக்கையில் அம்மாவின் மெசேஜ்: “மழை. 1.40 உள்ளுக்கு. 1.52 வெளியில. சின்னம்மாவைப் பிறகு போன் எடுக்கச் சொன்னனான்.”

செப்டம்பர் 22

புது ஆய்வு மாணவர் அட்டை. மூன்றரை வருடம் செல்லும்.

மிளகாய்த் தட்டு வேலியோரம் போய்விட்டது. வெயில் நன்றாக விழும் நடு இடத்தை அம்மா கூட்டி வைத்திருக்கிறா.