இறக்கை மாட்டாத ராக்கெட்

மார்ச் 3

நான் மாதிரி செய்கிற நிஜ ராக்கெட்டுக்கு வாலில் இறக்கை கிடையாது. ஆனால் இந்தச் சின்ன மாதிரி இறக்கை இல்லாவிட்டால் நேராகப் பறக்காது. அதனால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் நான்கு இறக்கைகள் வெட்டினேன். போட்டியில் நடுவர்கள் உருவத்துக்கு மதிப்பெண் போடும்போது கழற்றி வைத்து, பறக்கவிடும் முன் செருகிக்கொள்ளலாம். நாத்தனார் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "இருக்கா இல்லையான்னே தெரியலையே அண்ணி!" அதுதானே வேண்டும்.

பல் செட் செய்கிற கை என்பதால் பெயின்ட் என் பொறுப்பு. மோட்டாரும் பாராசூட்டும், கடைசியில் இறக்கை மாட்டுவதும் அவள் பொறுப்பு.

மார்ச் 9

ராக்கெட் மேல் அடித்த கறுப்புக் கட்டம் ஒன்று இம்மியளவு கோணல். சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். "அங்க யாரு இதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?" என்கிறார் இவர். நான் பார்ப்பேனே.

மார்ச் 16

இன்று போட்டி.

மேலே போகவேண்டியது, இரண்டு ஆள் உயரத்தில் குப்புறத் திரும்பிவிட்டது. தரையோடு சீறிக்கொண்டு வந்து நடுவர் கூடாரத்தைக் கிழித்தது. ஒருவர் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். அடி எதுவும் இல்லை. இருந்திருந்தால்?

எடுத்துப் பார்த்தால் வாலில் இறக்கை இல்லை. ஒன்றுகூட இல்லை.

"கடைசியா மாட்ட வேண்டியது யாரு?" என்றார் தலைமை நடுவர். நாத்தனார் முன்னால் வந்தாள். "நான்தான் சார். மறந்துட்டேன்."

உடனே நான் — எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? — அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "பஸ் ஓட்டுறவ கையில இதைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவளுக்கு ஓராண்டு தடை. உருவ மதிப்பெண்ணில் எங்களுடையதுதான் முதல் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு முறை பறக்கவிடலாம், நான் மட்டும்.

மார்ச் 17

துணி துவைக்கப் போட்ட இவர் மெஷினிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். "இது என்னது? உன் கோட்டுப் பாக்கெட்ல இருந்துச்சு."

நான்கும். ஈரமாக, அவர் உள்ளங்கையில்.

நானே கழற்றி, நானே பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளிடம் கொடுக்கவே இல்லை. கொடுக்காததை அவள் எப்படி மாட்டுவாள்? ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 18

போன் செய்தேன்.

"தெரியும் அண்ணி. நீங்களே மாட்டிட்டீங்கன்னு நெனச்சேன். ராக்கெட் கிளம்பினப்புறம்தான் பாத்தேன், உங்க பாக்கெட்ல துருத்திக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி நீ ஒத்துக்கிட்டே?"

"ஒரு வருஷமா ராத்திரி பகல் பாக்காம செஞ்சீங்க. அது மேல போறதை நீங்க பாக்கணும்ல. பழி நானா ஏத்துக்கிட்டது, அதை விடுங்க. பஸ் ஓட்டுறவன்னு சொன்னீங்களே. இத்தனை நாளா மனசுல அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வைத்துவிட்டாள்.

நினைத்திருக்கிறேனா?

மார்ச் 19

நினைத்திருக்கிறேன்.

மார்ச் 20

தலைமை நடுவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "தடை உங்க மேல திரும்பிடும்மா, அப்புறம் அவங்கதான் பறக்கவிடுவாங்க, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷ உழைப்பு, இனி என் கையில் இல்லை.

ஏப்ரல் 2

ராக்கெட்டின் உடைந்த மூக்கை ஒட்ட நாத்தனார் வந்தாள். "பசை." "கத்தரி." கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். வந்தாளே, அதுவே பெரிது.

ஏப்ரல் 13

கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்ப்பவர்களோடு நின்றேன். எங்கள் முறை வந்ததும் அறிவிப்பாளர் அவளிடம் மைக்கை நீட்டி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"பஸ் ஓட்டுறேன்," என்றாள், மைதானம் முழுக்கக் கேட்கும்படி. எனக்குச் சுருக்கென்றது.

ராக்கெட் பிசிறில்லாமல் நேராக ஏறியது. பாராசூட் விரிந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கியது. இரண்டாம் இடம். கை வலிக்கத் தட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குக் காரை அவள்தான் ஓட்டினாள். பின்சீட்டில் ஏறப் போனேன். முன்கதவைத் திறந்துவிட்டாள்.

"பெல்ட் போடுங்க அண்ணி," என்றாள்.