விசிலுக்கு நடுவே ஒரு குரல்

12 டிசம்பர் 1989, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். திண்டிவனம் பஸ் ஒழுகி, பாதிப் புடவை ஈரம். நான் பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்ததும் மெட்ராஸுக்கு டிரங்க் கால். ரிசீவரை, கம்ப்யூட்டரைப் போனோடு இணைக்கும் மோடத்தின் ரப்பர் குழிகளில் அழுத்தினேன். விசில். பிறகு திரையில் எழுத்து.

அங்கே ஒருவர் தன் கம்பெனிக் கம்ப்யூட்டரை போனில் மாட்டி வைத்திருக்கிறார். யாரும் கூப்பிட்டுச் செய்தி படிக்கலாம், எழுதலாம். அவரிடம்தான் வேலை கேட்டு எழுதியிருந்தேன். 'உங்களுக்கு ஒரு செய்தி' என்றது திரை. ஆனால் பழையதிலிருந்து வரிசையாகத்தான் வருகிறது. யாரோ பிரிண்டர் விற்கிறார். யாரோ செஸ் ஆடக் கூப்பிடுகிறார். அதற்குள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மா: "மேடம், மூணு நிமிசம் ஆயிடுச்சி. பேசிக்கினு இருக்கீங்களா?" அவள் குரல் பட்டதும் திரையெல்லாம் குப்பை. லைன் போச்சு. சென்டர் ஓனர் ஒரு நாளைக்கு ஒரு கால்தான் விடுவார். பிறகு போனுக்குப் பூட்டு.

விழுப்புரம் வந்தால் வீட்டில் விக்கிரவாண்டி வரன் பேச்சு. வெள்ளியன்று பூ வைக்க வருகிறார்களாம், சனிக்கிழமை மார்கழி பிறந்துவிடுமே. என்னை யாரும் கேட்கவில்லை.

13, புதன்

மறுபடி அதே பிரிண்டர். பாதியில் அறுந்தால் விட்ட இடத்தை அது நினைவில் வைப்பதில்லை. எரிச்சல். உதவிப் பக்கம் கேட்டேன், ஆமை வேகத்தில் இறங்கியது. Y தட்டினால் நம் பெயருக்கு வந்தது மட்டும். சரி என்று Y-யில் விரல் வைக்கவும் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அட போம்மா.

வகுப்பில் என்ன நடத்தினேன், தெரியாது. மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி. அம்மா மல்லிப்பூ சொல்லிவிட்டாள்.

14, வியாழன்

மழை இல்லை. கால் புக் பண்ணும்போதே எக்ஸ்சேஞ்ச் அம்மாவிடம் கெஞ்சினேன், குறுக்கே பேச வேண்டாம் என்று.

"நீங்க பேசவே இல்லியே மேடம், விசிலுதான் கேக்குது. லைன் பேஜாருன்னு நெனச்சேன். சரி, நானே எக்ஸ்டென்ட் பண்ணிக்கிறேன்."

நல்ல மனுஷி. Y. வந்துவிட்டது! வேலை உண்டு. திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளி மாலைக்குள் இங்கேயே பதில், இல்லாவிட்டால் வேறொருவருக்கு. கீழே கம்பெனி முகவரி.

பதில் போடாமல் வெளியே வந்துவிட்டேன். பயம். அப்பாவிடம் கேட்டுவிட்டு என்று நினைத்தேன். அவர் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

15, வெள்ளி

காலையிலிருந்து போனைப் பார்ப்பதும் போவதுமாக. அம்மா சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். ஓனர் கிளம்பும் நேரத்தில்தான் கால் போட்டேன். 'வருகிறேன்' என்று அடித்து, சேமிக்க S தட்டினேன். ரப்பர் குழிக்குள்ளிருந்து எக்ஸ்சேஞ்சின் புது ஆள், ஆண் குரல்: "ஹலோ, பேசிக்கினு இருக்கீங்களா?"

குப்பை. பதிவாயிற்றா, இல்லையா, தெரியவில்லை. ஓனர் பூட்டைப் போட்டுவிட்டார். தந்தி கொடுத்தாலும் நாளைதான் போகும். பஸ் விக்கிரவாண்டியில் லாரிகளுக்கு நடுவே நின்றே கிடந்தது. அழுகை வந்தது, அழவில்லை.

வாசலில் அவர்கள் வேன். கூடத்தில் பூத்தட்டு. அப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"வேல கெடச்சிடுச்சிப்பா. திங்கக்கெழம மெட்ராஸ் போறேன். அவங்கள போவச் சொல்லு."