ஓசன்னாவின் வயிற்றில் மண்

மாம்புரி,
தவக்காலம் நாலாம் ஞாயிறு.

அன்பு மகன் நிரோஷனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே மனிதர் எல்லோரும் சுகம், நீயும் இத்தாலிக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். சுகமில்லாதது உன் கழுதை மட்டும்தான். போனில் சொல்லலாம் என்றால், 'நான் சுகம் அம்மா, வேலைக்கு நேரமாயிற்று' என்று வைத்துவிடுகிறாய். என் கோபம் முழுதும் இறங்க அந்த நேரம் காணாது. அதனால் எழுதுகிறேன், இருந்து வாசி.

ஓசன்னா ஒரு கிழமையாகத் தீனி எடுக்கவில்லை. தென்னந்தோட்டமெல்லாம் கத்திக்கொண்டு திரிந்த கழுதை, வயிறு உப்பி, வேலியோடு பேச்சு மூச்சில்லாமல் நின்றது. விட்டை முதலில் தண்ணீராகப் போனது, பிறகு ஒன்றுமே இல்லை. உன் அப்பா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார், வீடு முழுக்க இருமியதுதான் மிச்சம். உன் செசிலி மாமி, தமையனுக்கு ஏற்ற தங்கச்சி, போத்தலில் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து பருக்கினாள். கோயில் கமிட்டித் தலைவர் இன்னாசிப்பிள்ளை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, குருத்தோலை ஞாயிறுக்கு ஆண்டவருடைய சுரூபத்தைச் சுமக்குமா என்று கேட்டார். பிழைக்குமா என்று அவர் வாயில் வரவில்லை. கனமூலை மாட்டு வியாபாரி தாஹிர் நானா மட்டும், எனக்கு மாட்டைத் தெரியும், கழுதையைத் தெரியாது, டொக்டரைக் கூப்பிடுங்க தங்கச்சி என்றார். அந்த மனிதனுக்காவது தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தது.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண், குருநாகல் பக்கம், நல்ல பிள்ளை. வயிற்றின் அடியில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அதை அப்பாவின் காதிலும் வைத்தாள். அவர் முகம் மாறிவிட்டது. கரைக்கு அலை வந்து போகிற சத்தம் கேட்குதடி என்றார். டொக்டர் பின்பக்கம் கைவிட்டு எடுத்த கொஞ்ச விட்டையை ஒரு கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வேலியில் தொங்கவிட்டாள். நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிய, கையுறையின் விரல்களுக்குள் எல்லாம் நம்முடைய கடற்கரை மண் இறங்கியிருந்தது. தீனியோடு போன மண் பெருங்குடலில் படிந்து அடைத்திருக்கிறதாம். மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினாள். தண்ணீரில் கொழகொழவென்று வருகிற ஒரு உமித்தூளும் தந்து, நடத்துங்கள், இனி நிலத்தில் ஒரு பருக்கையும் போடக்கூடாது என்று சொன்னாள். எங்கே போட்டீர்கள் என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் கோயில் பக்கம் பார்த்தோம்.

உனக்குத் தெரியும்தானே, குருத்தோலை ஞாயிறில் ஆண்டவரைச் சுமந்த கழுதையின் கால் பட்ட கோயில் மண்ணில் கடலையைக் கொட்டி அது தின்றால்தான் நேர்த்திக்கடன் சேரும், பாத்திரத்தில் வைத்தால் வெறும் தீனி. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஊர் முழுக்க அங்கேதான் கொட்டியது. போட் எஞ்சின் பழுதானாலும் கடலை, மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தாலும் கடலை. உன் விசா கிடைத்ததற்கு நீ வைத்த நேர்த்தியை வெள்ளிக்கிழமைகளில் நான்தான் கொட்டினேன். அது நக்கி நக்கித் தின்றதைப் பார்த்து என்ன பக்தி என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

சரி, தெரியாமல் செய்தோம். தெரிந்த பிறகு? டொக்டர் சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிய சனம், விடிந்ததும் கடலைச் சுண்டலோடு நிற்கிறது. நான் அலுமினியத் தாச்சி ஒன்றை வைத்து இதற்குள் போடுங்கள் என்றேன். தாச்சியைச் சுற்றிக்கொண்டு போய் மண்ணில் கொட்டுகிறார்கள். சுவாமி பிரசங்கத்தில் சொன்னார், அதற்கும் ஆமென் சொல்லிவிட்டுக் கொட்டினார்கள். தவக்காலத்தில் அமைதி காக்க வேண்டிய நான் கோயில் வளவில் விளக்குமாறோடு நின்று சண்டை பிடிக்கிறேன். உன் தங்கச்சி மெரினா பரீட்சைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கழுதையை நடத்துகிறாள், என்ன படிப்பு ஏறும் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? செசிலி மாமி ஒரு பெட்டி நிறையக் கடலையோடு வந்து, நோயாளிக் கழுதையின் மூக்கடியில் மண்ணில் கொட்டினாள். அது பாவம், இத்தனை நாள் பசியில் குனிந்துவிட்டது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளினேன். மாமி அழுதுகொண்டு, நான் என்ன செய்ய, உங்கட மகன் போன் எடுத்துச் சொன்னது மச்சாள், ஓசன்னா சுகமாகோணும் எண்டு நேர்த்தி வச்சிருக்கான், உங்களுக்குச் சொல்ல வேண்டாமாம், ஏசுவீங்களாம் என்றாள்.

ஓம் மகன், ஏசுகிறேன். அப்பா உன்னிடம், கழுதைக்குச் சுகமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார், மண் கதையைச் சொல்லவில்லை, நீயும் ஏன் என்று கேட்கவில்லை. லொறி அடித்த தாய்க்குப் பக்கத்தில் நின்ற குட்டியைத் தோளில் தூக்கிவந்து போத்தலில் பால் கொடுத்தவன் நீ. அப்போது கையால் ஊட்டினாய், இப்போது கடல் கடந்து நின்று கொட்டுகிறாய். அன்பு வைத்தவர்கள் எல்லோரும் கொட்டுகிறார்கள், விட்டை பார்க்கத்தான் ஆள் இல்லை. அதை நான் பார்க்கிறேன். இன்று காலை கொஞ்சம் போட்டது. வாளியில் கரைத்துப் பார்த்தேன், அடியில் ஒரு பிடி மண். அந்த மண்ணைப் பார்த்து எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இன்னும் உள்ளே கிடக்கிறதாம், தப்பும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை.

மாமிக்கு இன்றே போன் எடுத்து, நேர்த்தியைத் தாச்சியில் போடச் சொல், நீ சொன்னால் கேட்பாள். இன்னொன்று. ஏன் இவ்வளவு பிந்திக் கூப்பிட்டீர்கள் என்று அந்த டொக்டர் பிள்ளை கேட்டபோது, அது கத்தவில்லையே என்றேன். குதிரை நோவென்றால் விழுந்து புரளுமாம், கழுதை எவ்வளவு நோவிலும் காட்டாதாம், சும்மா நிற்குமாம். அன்றிலிருந்து, 'நான் சுகம் அம்மா' என்று நீ போனில் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போன தடவை உன் குரல் மெலிந்திருந்தது. நீ என்ன சாப்பிடுகிறாய், எங்கே நோகிறது, எல்லாவற்றையும் எழுது. ஏசமாட்டேன்.

அந்தோனியார் உன் கூடவே நடக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டேன் என்று நினைத்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
எமிலியா பஸ்தியான்.