முசரவாக்கத்து டிரம்ஸும் என் பாஸ் கிட்டாரும்

போன வாரம் பாஸ் கிட்டாரை உறையிலிருந்து எடுத்துப் பழைய கம்பிகளைக் கழற்றினேன். விரலெல்லாம் துரு வாசனை. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார் மணத்தையும் மீறி அதுதான் மூக்கில் ஏறியது. சட்டென்று நீ எதிரே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இளிப்பதுபோல இருந்தது. போன ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாள் முதல் நான் பாஸைத் தொடவே இல்லை. அன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் புதுக் கம்பி மாட்டப் போனேன். என் மனைவி நன்றாகத் திட்டினாள்.

ரீசார்ஜ் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காலம் அது. நாம் மூன்று பேரும் ஒரே இன்ஜினியரிங் வகுப்பு. நீ முசரவாக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும், கோயில்வாசலுக்கே போகாத வேதக்கார வீடு. நான் சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயிலே கதி என்றிருந்த வீடு. கிட்டார் முரளி எங்கிருந்தோ ஒரு பங்க் ராக் சிடி கொண்டுவந்து போட்டான். தலைதெறிக்க ஓடும் பாட்டுகள், மூச்சுவிடுவதற்குள் முடிந்துவிடும். வாசித்தால் இப்படித்தான் வாசிப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டோம். நம்மை ஏற்றாமலே போகும் டவுன் பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டும் கட்டினோம்.

ஊரில் கம்பியை மீட்டும் பிக் எங்கே கிடைக்கும்? சிம்மை உடைத்து எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் அட்டையை முக்கோணமாக வெட்டி, சிமெண்டுத் தரையில் தேய்த்து முனையை மழுக்கித் தந்தாய். பிக் சரிதான், கைதான் சரியில்லை. அந்த வேகத்தில் கம்பியைக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்க வேண்டும். நான் முழங்கையிலிருந்து ஓங்கி அடிப்பேன். பாதிப் பாட்டிலேயே முன்கை கல்லாகிவிடும். மேலும் கீழுமாக அடித்துப் பார்த்தேன். வேலை பாதியானது, ஆனால் ஒரு அடி கனமாகவும் அடுத்தது சோனியாகவும் விழுந்தது.

முரளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். "பாஸ் இழுக்குதுடா. ஃப்ரெஷர்ஸ் டேக்குள்ள சரியாவலன்னா உன் எடத்துல கீபோர்டுக்காரன போட்டுக்கலாம்." வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று உன்னிடம் கெஞ்சினேன். "கொறச்சா அது வேற பாட்டுபா" என்றாய். இரக்கமில்லாத பயல் என்று மனதுக்குள் திட்டினேன். அந்த பேண்டை விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை.

அந்த வைகாசியில்தான் கருட சேவை பார்க்க வந்தாய். விடியற்காலை, தெரு கொள்ளாத கூட்டம். பெருமாளைத் தாங்கும் தண்டுக்கடியில் தோள் கொடுத்து நான் ஓடிவந்தேன். நீ ஓரமாக ஒற்றைச் செருப்போடு கூடவே ஓடிவந்தாய். இன்னொரு செருப்பைக் கூட்டம் தின்றுவிட்டது. என் முறை முடிந்து டீக்கடைக்கு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"இன்னாடா, அவ்ளோ வெயிட்ட தோள்ல வச்சிக்கினு ஓடற, மூச்சே வாங்கல. துக்குனூண்டு பிளாஸ்டிக்க புடிச்சிக்கினு வாசிக்கறப்ப மட்டும் நாக்கு தள்ளுதா?"

"அது வேற, இது வேறடா."

"இன்னா வேற? தண்ட எப்டி புடிச்ச, சொல்லு."

அப்போதுதான் யோசித்தேன். முதல் வருடம் தோள் கொடுக்க வருகிறவன் பயத்தில் தண்டை இறுக்கிப் பிடிப்பான், ஒரு தெரு தாண்டுவதற்குள் தோள் வீங்கிவிடும். பழகியவன் பிடிப்பதில்லை. பாரம் தோளில் இருக்கும், கை சும்மா மேலே கிடக்கும், முழங்கால் இளகியிருக்கும். யாரும் தனியாக ஓடப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவன் காலோடு நம் கால் சேர்ந்துகொள்ளும். நான் சொல்லச் சொல்ல நீ சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. "லூசு, அத்தயே கைல பண்ணேன்!"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சர்ச்சிலேயே, அங்கிருந்த டிரம்ஸை வைத்து வாசிக்க உட்கார்ந்தோம். முழங்கையை அசையவிடாமல் மணிக்கட்டை மட்டும் உதறினேன். பிக்கின் முனை விரலுக்கு நூலளவு வெளியே தெரிந்தால் போதும். விழுந்த கை தானாக எழும், நாம் தூக்க வேண்டியதில்லை. காது நீ காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மில் மட்டும். நீ சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனாய், நான் கூடவே வந்தேன். வலிக்கவே இல்லையடா! அத்தனை ஓட்டத்துக்குள்ளும் ஒரு நடை இருந்தது, இடுப்பு தானாக ஆடியது. சத்தம் கேட்டு வந்த பாஸ்டர் கடைசிவரை நின்று கேட்டார். "நல்லாதான் இருக்குதுபா. ஆனா கர்த்தருக்கும் காது இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃப்ரெஷர்ஸ் டேயில் பஸ் பாட்டின் நடுவே உன் கிக் பெடல் கழன்றுவிட்டது. நீ என்னைப் பார்த்தாய், ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான், பெடலை மாட்டக் குனிந்துவிட்டாய். முரளி பேயறைந்ததுபோல நின்றுவிட்டான். தண்டிலிருந்து ஒருவன் விலகினால் மற்றவன் நிற்கமாட்டான், பெருமாள் தெருவில் நிற்கக்கூடாது. நான் நிற்கவில்லை. மேடையில் பாஸ் மட்டும் தடதடவென்று ஓடியது, பையன்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். நீ எண்ணாமல் கொள்ளாமல் சரியான இடத்தில் உள்ளே நுழைந்தாய். அந்த நொடியைப்போல ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. முரளி அது ஏற்கெனவே பேசிவைத்தது என்று எல்லோரிடமும் அளந்தான். அதன்பின் கீபோர்டுக்காரன் பேச்சே எழவில்லை.

நேற்று என் ஆபீஸ் பிள்ளைகளோடு வாசிக்கப் போனேன். டிரம்ஸில் கவிதா என்று ஒரு பெண், நல்ல கை. பாட்டின் நடுவே குச்சியை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள்.

"சார், நீங்க என் கிக்குக்கு வாசிக்கல. எனக்குக் கொஞ்சம் முன்னாடி யாரோ அடிக்கிற மாதிரி, அவங்களோட போய்க்கினு இருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கல்லூரிக்குப்பின் என்னோடு வாசித்த யாரும் இத்தனை வருடத்தில் கண்டுபிடிக்காததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஆமாம்மா, அவன் கொஞ்சம் அவசரக்காரன். முடிஞ்சா புடி" என்றேன்.

குச்சியைத் தட்டி நாலு எண்ணினாள், முன்னைவிட வேகமாக. நீ வழக்கம்போல இம்மி முன்னால் போய்விட்டாய். நாங்கள் இரண்டு பேரும் உன்னைத் துரத்தினோம்.