பன்னிரண்டு குண்டூசிகள்

அன்புத் தங்கைக்கு,

உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் சுகமாக வைத்திருக்க வேண்டிக்கொண்டு அக்கா எழுதுவது.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வராமல், நாலு தெரு சுற்றிக் கடைவீதி வழியாக வந்தேன். என் பக்தியை ஊர் பார்க்க வேண்டாமா? மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் பார்த்தார். "அக்கா, நெத்தியில கரி ஒட்டியிருக்கு" என்று துடைக்கத் துணியை நீட்டினார்.

தவக்காலத்துக்கு எதையாவது விட வேண்டுமே. இறைச்சியைப் பல்வலி ஏற்கெனவே விட வைத்துவிட்டது. ஆகவே புறணியை விட்டேன். சிரிக்காதே. தையற்கடையில் இது லேசுப்பட்ட காரியமில்லை. இடுப்பில் அளவு நாடா பட்டதுமே எல்லாருக்கும் ஊர்க்கதை வந்துவிடுகிறது. துணியை மடித்துக் குத்தும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வேன் அல்லவா, அதையே வழியாக்கிக்கொண்டேன். நாலு ஊசி போதுமான இடத்தில் பன்னிரண்டு. யார் எதைச் சொன்னாலும் "ம்ம்" மட்டும்தான். மூன்றாம் வாரம், "அக்கா ரொம்ப மாறிட்டாங்க, நோன்புன்னா இப்படி இருக்கணும்" என்று கோயிலில் பேசிக்கொண்டார்களாம். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்த வயிறு அதைக் கேட்டே நிறைந்துவிட்டது.

போன செவ்வாயன்று கணக்கு டீச்சர் கவுன் தைக்க வந்தார். கண்ணாடிக்கு முன் நின்றபடி உன் பேச்சை எடுத்தார். "உங்க தங்கச்சி நர்ஸா இருந்து என்ன புண்ணியம், பெத்த அப்பா சாகக் கிடக்கும்போது எட்டிப் பாக்கலையே" என்றார். நான் "ம்ம்" என்றேன்.

அன்றைக்கு மாலையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கேயும் குண்டூசி நோன்பைப் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். சாமியார் சிரிக்கவில்லை. "வாயைப் பூட்டிக்கிட்டீங்க, சரி. உள்ளே எதைம்மா வெச்சுப் பூட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். தவக்காலம் என்பது திரும்பி நடக்கிற காலம், யாரை விட்டு விலகினோமோ அவரிடம் போகாமல் ஆண்டவரிடம் மட்டும் போய்ச் சேர முடியாது என்றார்.

அதனால் எழுதுகிறேன். அப்பா படுத்த வாரம் நீ போன் செய்தபோது, "சும்மா சளிதான், லீவு போட்டு அலையாதே" என்றேன். மூச்சுத் திணறல் தொடங்கி அன்றைக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. நீ அடக்கத்துக்குத்தான் வந்தாய். "கூப்பிட்டேன், வரவில்லை" என்று ஊரில் சொன்னதும் நான்தான். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று என் காதோடு கேட்டாய். தெரியாது என்றேன்.

அப்பா உன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பீத்துணி அலசியவள் நான். எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்துக்கொண்ட மகள் என்ற பெயராவது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறுக்கு வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் வேண்டாம். எழுத மனம் வராவிட்டால் வெற்றுத்தாளை மடித்து அனுப்பு. உறைமேல் விலாசம் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். கர்த்தர் உன் வீட்டுக்குச் சமாதானம் தரட்டும்.

உன் அக்கா

பின்குறிப்பு: நேற்று டீச்சரிடம் சொல்லிவிட்டதாக எழுதியதை மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன், வேறு தாள் இல்லை. கவுன் வாங்க அவர் வருவதே நாளைக்குத்தான்.